டிரில்லர் காளிதாஸும் பதினோரு கேமும்

காளிதாஸுக்குக் கூடிவந்த எட்டாவது சம்பந்தத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கெடுத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பெரிய புத்திசாலித்தனம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு செய்தேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த பிறகு அதை மட்டும் மறைப்பது சரியில்லை.

காளிதாஸ் என் மாமா முருகானந்தத்தின் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில், டிரில்லர். மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ரிக்கில் போனவராக இருப்பார். ஐப்பசியில் வண்டி புறப்பட்டால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர் போட்டுக்கொண்டே போகும். அங்கே மழை இறங்கிய பிறகுதான் ஊர் திரும்பும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் வண்டிக்கு ரிப்பேர் வேலை, ஆட்களுக்கு ஓய்வு. இதில் ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆக, ஒரு டிரில்லருக்குப் பெண் பார்க்க வருசத்தில் ஒரே ஒரு மாதம்தான். காளிதாஸுக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. இந்த ஆவணி தவறினால் அடுத்த வருசம் புரோக்கர் போனையே எடுக்க மாட்டார் என்று அவருடைய அம்மா சௌந்திரம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணியில் எடப்பாடியிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பெயர் சுகன்யா. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வீட்டார் ஊருக்குள் வந்து விசாரிப்பதுதான் பாக்கி. இது அத்தனையும் அம்மாவுக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும். ஏழு சம்பந்தம் தட்டிப்போனதற்கு ஏழு பேரைச் சந்தேகப்பட்டு மனசுக்குள் வைத்திருந்தவர் காளிதாஸ். எட்டாவதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். திருச்செங்கோட்டில் ரிக் உதிரிபாகக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா இன்னமும் என் பட்டமளிப்பு விழாப் படத்தைத்தான் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். எனக்கும் அதில் கூச்சம் கிடையாது. காளிதாஸ் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “என்ன டிகிரி?” என்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானதே டிவி கேமில்தான். அவர் ஐந்தாவது படிக்கும்போது அவருடைய அப்பா சேலத்தில் வாங்கிக்கொடுத்த பெட்டி அது. சாம்பல் நிறம், இரண்டு கைப்பிடி, ஒரு ஆரஞ்சுத் துப்பாக்கி, மஞ்சளாக ஒரு கேசட். கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் உள்ளே 9999999 கேம் இருப்பதாக அச்சடித்திருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் கேசட்டை வாங்காத ஊர் கிடையாது. எல்லோரும் அந்த ஒன்பதுகளைப் பார்த்து வாயைப் பிளந்தோம். எண்ணிப் பார்த்தவர் காளிதாஸ் ஒருவர்தான்.

ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டு, எது என்ன கேம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது எண் வந்ததும் புரிந்துவிட்டது. மொத்தமே பதினோரு கேம். மற்றதெல்லாம் அதே கேமை மூன்றாவது கட்டத்தில் தொடங்குவது, வானத்தின் நிறத்தை மாற்றுவது, கூடுதலாக ஓர் உயிர் கொடுப்பது. பதினோரு வயதில் அதைக் கண்டுபிடித்த பிறகு அவர் எந்த லேபிளையும் நம்பவில்லை. இன்றைக்கும் சிமெண்டு மூட்டையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வார்.

“லேபிள் அடிச்சவன் திருடன்,” என்பார். “ஆனா உள்ள இருக்கற பதினொண்ணும் யோக்கியம்.”

அந்தப் பதினொன்றைப் பற்றியும் அவருக்குத் தனித்தனியாகக் கருத்து உண்டு. டேங்க் கேம்தான் முதல் இடம். காரணம், எதிரி எப்போதும் மேலே மூன்றே மூன்று இடத்திலிருந்து வருவான். “எவத்தாலிருந்து வாரான்னு தெரியுது பாத்தியா, அதுவே பாதி நிம்மதி.” வாத்துச் சுடும் கேமில் துப்பாக்கியைப் பிடிக்கும், நாயைப் பிடிக்காது. டிவிக்குப் பதிலாகக் குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டாலும் வாத்து விழும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர் பல்பைச் சுட்டுப் பார்த்தார். விழவில்லை. அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கிமேல் தனி மரியாதை. ஆனால் குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கிற அந்த நாய்! “நம்மகூட வேட்டைக்கு வந்த நாய் நம்மளப் பாத்து எதுக்குச் சிரிக்கோணும்? அது அந்தப் பக்கத்து ஆளு.”

மாமா வீட்டில் புதிதாக எல்இடி டிவி வாங்கியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துப்பாக்கி ஒரு வாத்தையும் சுடவில்லை. கடைக்காரன் மட்டமான டிவியைத் தலையில் கட்டிவிட்டான் என்று மாமாவிடம் சண்டைக்கே போய்விட்டார். பழைய பிக்சர் டியூப் டிவி வரிவரியாக ஒளியைப் போடுகிற நேரக்கணக்கை வைத்துத்தான் அந்தத் துப்பாக்கி வேலை செய்யும், புது டிவியில் அந்தக் கணக்கு இல்லை என்று நான் விளக்கினேன். பட்டதாரி ஆனதற்கு அன்று ஒரு பலன் கிடைத்ததாக நினைத்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “இத உனக்கு ஆரு சொன்னா? அவங்க சுட்டுப் பாத்தாங்களா?” என்றார்.

கம்ப்யூட்டர் கேம்களை அவர் நம்புவதில்லை. திருச்செங்கோட்டில் பிரவுசிங் சென்டர் இருந்த காலத்தில் கார் ரேஸ் ஆடப் போவார். எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் வருகிறவன் கடைசி வளைவில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் வேண்டுமென்றே காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். முன்னால் போன கார்களும் மெதுவாகிவிட்டன. “நாம போறதப் பாத்து அவன் போறான்டா. இதுல நான் செயிச்சேன்னு எப்படிச் சொல்லிக்கறது?” என்று கேட்டுவிட்டு எழுந்தவர், அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இதைச் சொன்னார். சிரித்தேன். பிறகு கல்லூரி மூன்றாம் வருசத்தில்தான் தெரிந்தது, ஆடுகிறவன் சலித்துப்போகாமல் இருக்க அப்படித்தான் எழுதுவார்கள் என்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு அது சங்கடமாகத்தான் இருந்தது.

செல்போன் கேம் என்றால் அவருக்கு அருவருப்பு. “முதல் பத்து ஆட்டம் உட்டுக் குடுக்கும். ஏன்? நம்மள வேவு பாக்குது.” அவர் போனில் ஒரு கேமும் கிடையாது.

ஆனால் ஊருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஓய்வு மாதங்களில் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். வெளிச்சம் பட்டால் அந்தப் பழைய டிவியில் படம் தெரியாது. உள்ளேயிருந்து டுமீல் டுமீல் என்று சத்தம் வரும். அஞ்சு மணிக்குக் கதவு திறக்கும். இந்தக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேம் ஆடுகிறான் என்றால் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை ஆன்லைன் ரம்மி. சௌந்திரம் எத்தனை பேரிடம்தான் அது டேங்க் என்று சொல்வார்?

அந்த ஆவணி மாதம் எங்கள் ஊரில் வேறொரு பயமும் இருந்தது. இரண்டு வண்டிகளின் டிரில்லர்களை வெளியூர் ரிக் ஓனர்கள் ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் நேராக ஆளிடம் வருவதில்லை. முதலில் ஊருக்குள் வந்து, வேறு ஏதோ காரியமாக வந்தவர்போல் விசாரிப்பார்கள். ஆள் குடிப்பானா, கோபக்காரனா, சொன்ன நேரத்துக்கு எழுந்திரிப்பானா. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல டிரில்லரைப் பற்றி வெளியாள் யாராவது கேட்டால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஒன்றுக்கும் ஆகாதவன் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஊரே சேர்ந்து பழித்தால் அவன் முதல்தரமான ஆள் என்று அர்த்தம். காளிதாஸ் புழுதியின் நிறத்தைப் பார்த்தே அடுத்த பத்தடியில் என்ன பாறை என்று சொல்கிறவர். அவர் போய்விட்டால் மாமாவின் வண்டி ஷெட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஒரு புதன்கிழமை. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, அறுபது வயது இருக்கும் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். வண்டி நம்பர் சங்ககிரி. லாரிக்காரர்கள் ஊர். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

“ஏனுங்க தம்பி, இங்க தோட்டத்துல போர் போட நல்ல நீரோட்டப் பாயிண்ட் பாக்கறவங்க ஆராச்சும் இருக்காங்களா?” என்று ஆரம்பித்தார்.

“இருக்காங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?”

“இங்கதான், பக்கத்துல.” ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. டீயை வாங்கி ஆற்றிக்கொண்டே, “இங்க காளிதாஸ்னு ஒருத்தரு ரிக்ல இருக்காராமே. எப்படிங்க ஆளு?” என்றார்.

“ஏனுங்க, அவருகிட்ட என்ன காரியம்?”

“சும்மா கேட்டனுங்க. தண்ணி கிண்ணி போடுவாருங்களா?”

போதும். தோட்டத்துக்குப் பாயிண்ட் பார்க்க வந்தவருக்கு டிரில்லர் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன? அவருடைய சட்டைத் தோளில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். தறிக்காரர் என்று அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். பார்த்தேன், ஆனால் மூளை முழுக்க சங்ககிரி நம்பரில் இருந்தது.

“குடியப் பத்தி எனக்குத் தெரியாதுங்க,” என்றேன். “கேம் பைத்தியம். ரூமுக் கதவச் சாத்திக்கிட்டு நாளெல்லாம் அதுலயேதான் கெடப்பாரு. கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு. நம்பி ஒரு பொறுப்பக் குடுக்க முடியாதுங்க.”

“அப்படீங்களா,” என்றார் அவர். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி?”

“நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? நானே கம்ப்யூட்டர் படிச்சவன். கேம் புத்திய எப்படிக் கெடுக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா?”

அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. அன்று சாயங்காலம் மாமாவிடம் போய், ஒரு ஆளை ஓட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சௌந்திரம் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார். எடப்பாடிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் பெரியப்பா குழந்தைவேல் நேரில் வந்து விசாரித்தாராம். எடப்பாடி வண்டிகளுக்கும் சங்ககிரி நம்பர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் கதவைச் சாத்திக்கொண்டு கேம் ஆடுகிறவன் என்று ஊர்க்காரர்களே சொன்னார்களாம். அதுவும் படித்த பையன் ஒருவன் சொன்னானாம்.

படித்த பையன்கள் எங்கள் ஊரில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். காளிதாஸ் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். சண்டை போடவில்லை. எதிரில் உட்கார்ந்து, புதன்கிழமை எங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்டார். என்னிடம் கடைசியாக வந்தார்.

“எனக்கு ஆளு தெரிஞ்சுபோச்சு டிகிரி,” என்றார். “உங்க மாமன்தான். கல்யாணம் ஆன டிரில்லரு லீவு கேப்பான். அதனால ஆரையோ சொல்லவெச்சிருக்காரு. நான் இந்த வருசம் வண்டி ஏறல.”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி மாமா தலையில் போயிருக்கும். ஒரு நிமிசம் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு சொல்லிவிட்டேன். பேக்கரி, சங்ககிரி நம்பர், எல்லாவற்றையும்.

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன வார்த்த சொன்ன? அப்படியே சொல்லு. மாத்தாத.”

சொன்னேன்.

“நாளெல்லாமா?”

“ஆமாண்ணா.”

“மூணுலருந்து அஞ்சு. ரெண்டு மணி நேரம். அது உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்ண்ணா.”

“அப்பறம் எதுக்குடா நாளெல்லாம்னு சொன்ன?” அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. “எங்கம்மா சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு.”

மறுநாள் காலை எடப்பாடிக்கு வண்டியை எடுத்தேன். காளிதாஸ் வரவில்லை. நான் உண்மையாகவே போகிறேனா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம். போனதும் தெருவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

குழந்தைவேல் வீட்டில் எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்கே கத்தினால்தான் கேட்கும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

“நீங்க அன்னைக்கு பேக்கரியில…”

“ஆமாங்க! நான் சொன்னது பூரா பொய்யிங்க!” என்று கத்தினேன்.

“என்னங்க?”

“பொய்யிங்க! நான் பொய் சொன்னனுங்க!”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. எட்டுத் தறியும் ஒரே அடியாக நின்றன. என் கடைசி வார்த்தை அந்தத் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ரிக் ஓனர் என்று நினைத்ததை, ஆள் இழுப்பதை, எங்கள் ஊர் வழக்கத்தை ஒன்றுவிடாமல் விளக்கினேன். குழந்தைவேல் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க தம்பி. அன்னைக்கு உங்கள ஆரும் அனுப்பல. நானாத்தான் வந்து கேட்டேன், நீங்களாத்தான் சொன்னீங்க. இன்னைக்கு எங்கூட்டுக்கு வந்து சொல்றீங்க. இதுல நான் எத நம்பறது?”

“இதத்தானுங்க.”

“ஏனுங்க?”

“நான் பி.எஸ்சி. படிச்சிருக்கனுங்க,” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“படிச்சவங்க ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்களா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சுகன்யா. முப்பத்தொரு வயது. சேலைக்கு டிசைன் போடும் இடத்தில் கம்ப்யூட்டரில் வேலை. வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். “அவரு என்ன கேமுங்க ஆடறாரு? பேரு சொல்லுங்க.”

“டேங்க் கேமுங்க. பழைய டிவி கேமு. கேசட்டு போடுவாங்களே…”

“காசு வெச்சா?”

“அதுல காசு வெக்கவே முடியாதுங்க.”

“எங்கக்கா ஊட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. சும்மா பொழுதுபோக்குக்குன்னு. எங்கக்கா இப்ப இங்கதான் இருக்குது, ரெண்டு புள்ளையோட.” அவர் குரலில் கோபம் இல்லை, முடிவு இருந்தது. “நீங்க சொல்றதும் வேண்டாம், அவரு சொல்றதும் வேண்டாம். அந்த மிசினை நான் பாக்கோணும்.”

“பொண்ணு மாப்பள ஊட்டுக்குப் போயிப் பாக்கற வழக்கம் இல்ல சாமி,” என்றார் குழந்தைவேல்.

“அவரப் பாக்க வரல பெரீப்பா. மிசினைப் பாக்க வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். சௌந்திரம் கேசரி கிண்டியிருந்தார். சுகன்யா உட்காரவில்லை. நேராக அறைக்குப் போனார். காளிதாஸ் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, சுவர் ஓரமாக நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் வியர்வை.

சுகன்யா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். பின்னால் என்ன ஒயர் போகிறது என்று விரலால் பிடித்துக்கொண்டே போனார். ஒன்று டிவிக்கு. ஒன்று பிளக்குக்கு. கைப்பிடி ஒயர் இரண்டு. துப்பாக்கி ஒயர் ஒன்று. கேசட்டை உருவி உள்ளே பார்த்தார்.

“சிம் போடற எடம்?”

“இல்லீங்க,” என்றார் காளிதாஸ்.

“வைஃபை?”

“இது வந்தப்ப எங்கூர்ல போனே நாலு ஊட்டுலதானுங்க இருந்துச்சு.”

“உங்க போனக் குடுங்க.”

கொடுத்தார். லாக்கூட இல்லை. சுகன்யா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். குழந்தைவேலுக்குத்தான் கூச்சமாக இருந்தது; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுத்த சுகன்யாவின் முகத்தில் சந்தேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ரொம்பச் சுத்தமாக இருந்தாலும் சந்தேகம்தானே வரும்.

“ஆடிக் காட்டுங்க,” என்றார்.

“ரெண்டு பேரு ஆடற கேமுங்க,” என்றார் காளிதாஸ். இரண்டாவது கைப்பிடியை நீட்டுவதா வேண்டாமா என்று அவர் கை பாதியில் நின்றது. சுகன்யாவே வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காளிதாஸ் மூன்றடி தள்ளி உட்கார்ந்தார். திறந்திருந்த கதவின் வெளிச்சத்தில் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. மஞ்சள் டேங்க் அவருடையது. பச்சை டேங்க் சுகன்யாவுடையது. கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதை எதிரி சுடாமல் காப்பாற்றினால் போதும்.

“இந்தப் பட்டன்தான் சுடறது. மேல மூணு எடத்துலருந்துதான் வருவாங்க. நீங்க வலப்பக்கம் பாத்துக்கங்க, நான்…”

பச்சை டேங்க் திரும்பி மஞ்சள் டேங்கைச் சுட்டது. அந்தக் கேமில் கூட்டாளி சுட்டால் சாக மாட்டோம். ஆனால் கொஞ்ச நேரம் நகர முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்போம். காளிதாஸ் மினுக்கல் நின்றதும் நகர்ந்தார். ஒரு எதிரியை வீழ்த்தினார். பச்சை டேங்க் மறுபடியும் சுட்டது.

“அது நம்ம ஆளுங்க,” என்றார் மெதுவாக. “எதிரி வெள்ளையா இருப்பான்.”

“அப்படீங்களா?”

மூன்றாம் தடவையும் சுட்டார். இந்தமுறை காளிதாஸ் கழுகுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றிருந்த நேரம். நகர முடியவில்லை. மேலிருந்து ஒரு வெள்ளை டேங்க் இறங்கி, செங்கலை உடைத்து, கழுகைச் சுட்டுவிட்டது. ஆட்டம் முடிந்துவிட்டதாகத் திரையில் எழுத்து ஏறியது. சுகன்யா டிவியைப் பார்க்கவில்லை. காளிதாஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைப்பிடியைத் தரையில் வைத்தார். ஒயரைச் சுற்றினார்.

“வேணும்னேதானுங்களே சுட்டீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“எதுக்குங்க?”

“எங்கக்கா ஊட்டுக்காரரு தோத்தா போனத் தூக்கிச் சொவுத்துல அடிப்பாரு. சில நேரம் சொவுருக்குப் பதிலா அக்கா இருக்கும்.” சுகன்யா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்தேன்.”

“ரெண்டாவது தடவையே எனக்குச் சந்தேகம்தானுங்க.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“ஆட்டம் நடக்கறப்ப எதுக்குன்னு இருந்துட்டேன்.”

குழந்தைவேல் தொண்டையைச் செருமினார். “என்ன சாமி, கெளம்பலாமா? போயிப் பேசிக்கலாம்.”

“இருங்க பெரீப்பா.” சுகன்யா காளிதாஸிடம் திரும்பினார். “நல்லா நடந்துக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆருக்கும் முடியும். வண்டியில ஒம்பது மாசம் எப்படி இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவங்க ஊர்லதான் நல்லவங்களக் கெட்டவங்கன்னு சொல்லுவாங்களாமே.”

அந்த வார்த்தை என் காதில் நன்றாக விழுந்தது. சௌந்திரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளிதாஸ் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தன் போனில் ஒரு நம்பரைத் தேடி நீட்டினார்.

“கலைமணின்னு ஒருத்தன். ரெண்டு வருசம் என் வண்டியில இருந்தான். போன வருசம் எனக்கும் அவனுக்கும் ஆகாமப் போயி, இப்ப வேற வண்டி. என்னக் கண்டா அவனுக்கு ஆகாது. எனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டான். அவனக் கேளுங்க.”

“என்னடா காளிதாசு!” என்று அலறினார் சௌந்திரம். “அவன் வாயிலயா போயி உளுகற?”

சுகன்யா தன் போனில் நம்பரைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. நடுநடுவே “ம்… ம்… அப்பறம்?” மட்டும் காதில் விழுந்தது. ஆறு நிமிசம். காளிதாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு தடவை சுகன்யா தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன சொன்னானுங்க?” என்றார் காளிதாஸ்.

“பேசினாரு.” ஒரு வாய் சாப்பிட்டார். “பெரீப்பா, ஆவணி முடிய இன்னும் எத்தன நாள் இருக்குது?”

குழந்தைவேல் விரல் விட்டு எண்ணினார். “பதினொரு நாளு. ஏன் சாமி?”

“நிச்சயத்துக்கு அதுக்குள்ள நல்ல நாள் இருக்குதான்னு பாருங்க.”

சௌந்திரம் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது குழந்தைவேல் மட்டும் என் தோளைத் தொட்டு, “தம்பி, இனி ஆராச்சும் ஏதாச்சும் கேட்டா தெரியாதுன்னு சொல்லீருங்க,” என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. மாமா பன்னிரண்டு நாள் லீவு கொடுத்து ராய்ப்பூரிலிருந்து ரயில் ஏற்றிவிட்டார். இப்போது காளிதாஸ் மறுபடியும் சத்தீஸ்கரில் இருக்கிறார். போன வாரம் போன் பண்ணினார். வண்டி எப்படி, பாறை எப்படி என்று பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“டிகிரி, உனக்கு அந்தக் கலைமணி பழக்கந்தான? அன்னைக்கு அவகிட்ட என்னடா சொன்னான்? நானும் மூணு மாசமாக் கேக்கறேன், சொல்ல மாட்டேங்கறா. சிரிக்கறா.”

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.